வாசலில் கிடந்த செருப்புகள்

செப். 8, திங்கள்

வெயில். காலையிலேயே கரண்ட் இல்லை. மாடி அறை அடுப்பு மாதிரி. இன்வெர்ட்டர் மதியம்வரை தாங்கினால் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியவை:
- வட்டு (டிஸ்க்) பகுதியின் ப்ரோக்ராம் கோடு, மறுஆய்வு
- தண்ணி கேன்
- அக்காவின் முட்டிவலிக்குத் தைலம்
- அத்தானோடு சண்டை போடாமல் இருப்பது (நடக்காது)

சதீஷ் சார் காலையிலேயே மெசேஜ். டீம் லீடு, சென்னையில் ஏசியில் இருந்துகொண்டு. வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அவர்களுடைய விர்ச்சுவல் மெஷின் பேக்கப் ஓடும்போது பட்டென்று நின்றுவிடுகிறதாம். நிறுத்துவது ஒரு அசர்ட். ‘இந்த இடத்துக்குத் தலைமை வேலையாளான மெயின் த்ரெட் மட்டும்தான் வரலாம், வேறு எது வந்தாலும் மொத்தத்தையும் நிறுத்து’ என்று சொல்லும் ஒற்றை வரி. யாரோ ஒரு புண்ணியவான் கவலைப்பட்டு எழுதிவைத்தது.

அதற்கு ஒரு ‘திருத்தம்’ என் ஒப்புதலுக்கு வந்திருக்கிறது. திருத்தம் என்னவென்றால் அந்த வரியை அழிப்பது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வெளியீடு. வட்டுப் பகுதி தெரிந்த இன்னொருத்தன் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான். அதனால் என் தலை.

சாயங்காலம் அக்கா பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து, கை நகத்திலிருந்து வெள்ளி நிற வெடிமருந்தைச் சுரண்டிக்கொண்டே, “ஏட்டி, அந்த டப்பாவுக்குள்ள அப்படி என்னத்தத்தான் பாக்க?”

சொன்னேன். “ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பல குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி ஒரு பாவனைக்கா. ஒவ்வொண்ணுக்கும் சாமான் வைக்க ஒரு ரூம். சில நேரம் அதுல ஒரு ஆளுதான் நுழையணும். ரெண்டு ஆளு நுழைஞ்சா சாமான் கலைஞ்சு போகும். அப்படி நுழைஞ்சா சத்தம் போட ஒரு வரி உண்டு. அது சரியா இருக்கான்னு பாக்கேன்.”

“எங்க ரூம்லயும் நாலு பேருன்னு செவுத்துல எழுதியிருக்கு. ஏழு பேரு உக்காந்து மருந்து அடைக்கோம். செவுரு ஒண்ணும் சத்தம் போடலையே.”

சிரித்தாள். அத்தானும் சிரித்தார். அதே கம்பெனியில் அவர்தான் போர்மேன். ஏழு பேரை உட்காரவைப்பவர் அவர்தான். சொந்தப் பெண்டாட்டியையும் சேர்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப். 9, செவ்வாய்

புழுக்கம். தைலம் மறந்துவிட்டேன்.

நாள் முழுக்க அந்தக் கோடு. பிடித்துவிட்டேன். பேக்கப் த்ரெட், இடம் போதாமல் பிழை வந்து பாதியில் வெளியேறும்போது, அசர்ட் இருக்கும் ஃபங்ஷனை, அதாவது வட்டுகளின் பட்டியலை மாற்றும் துண்டை, கூப்பிட்டுவிட்டுப் போகிறது. அதே நேரம் மெயின் த்ரெட் அதே பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும். நடுவில் பூட்டு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அசர்ட் சொல்வது உண்மை. தப்பு கூப்பிடுகிற இடத்தில்.

சதீஷ் சாரிடம் போனில்:

“அசர்ட்தானே மெஷினை நிறுத்துது? எடுத்துட்டா நிக்காதுல்ல?”

“நிக்காது சார். ஓடும். ஓடிக்கிட்டே தப்பான இடத்துல எழுதும். ஒருத்தரோட ரத்த ரிப்போர்ட் இருந்த இடம் குப்பையாயிடும். யாருக்கும் தெரியாது.”

“இதுவரைக்கும் அப்படி ஆகியிருக்கா?”

“அசர்ட் நிறுத்தினதால ஆகலை.”

“அப்ப ஆகலைல்ல?”

இந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “உனக்கு இந்த மாசம்தானே வேலை கன்ஃபர்மேஷன்? நல்லபடியா முடிச்சுக்கோம்மா.” அந்த ‘ம்மா’தான் எரிகிறது.

“யோசிக்கிறேன் சார்” என்றேன். எதை யோசிக்கப் போகிறேன்? தெரியவில்லை.

செப். 10, புதன்

மேகம், மழை இல்லை. அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள். வலது உள்ளங்காலில் முள். ஒன்றல்ல. ஊசியைத் தீயில் காட்டிக் குத்தி எடுத்தேன். எடுக்க எடுக்கக் கதையைச் சொன்னாள்.

கம்பெனியைச் சோதனை போட வரும் ஆபீசரின் ஜீப் மெயின் ரோட்டில் திரும்பியதுமே அத்தானுக்குப் போன் வந்துவிட்டது. விசில் அடித்திருக்கிறார். விசில் கேட்டால் ஒவ்வொரு ரூமிலும் அதிகப்படி ஆட்கள் பின்கதவு வழியே ஓடி, சீமைக்கருவேல முள்காட்டுக்குள் ஒளிய வேண்டும். எல்லாருக்கும் பழக்கம்தான். ஆனால் மருந்து ரூமுக்குள் செருப்போடு போகக்கூடாது. செருப்பு முன்வாசலில். ஓடியது பின்வாசல். வெறுங்கால்.

ஆபீசர் வந்து வாசலில் நின்று கீழே பார்த்திருக்கிறார்.

“உள்ள நாலு பேரு. வெளிய எதுக்குய்யா ஏழு சோடி?”

அத்தான், “பழசு சார். பிஞ்ச செருப்பு. பிள்ளைக போட்டுட்டுப் போயிருதுக.”

“எல்லாம் ஒரே நேரத்துல பிஞ்சுச்சாக்கும்?”

அதற்குப் பிறகு ஆபீசர் எப்படிச் சமாதானமாகிக் கிளம்பினார் என்று அக்காவுக்குத் தெரியாது. கருவேலத்துக்குள் இருந்தாள். கூட இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு பொறுக்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாளாம். அக்காவும் சொல்லும்போது சிரித்தாள். சிரிக்கும்போது கால் ஆடி ஊசி தவறிக் குத்தியது. நான் கத்தினேன். அவள் மேல் இல்லை. ஆனால் அவள் மேல்தான் கத்தினேன்.

செப். 11, வியாழன்

அத்தானின் புது உத்தரவு: இனி எல்லாரும் ஆளுக்கொரு பை கொண்டுவர வேண்டும். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு மடிப்பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விசில் கேட்டால் பையோடு ஓட்டம். அதாவது, ரூமுக்குள் ஏழு பேர் அப்படியே. வெளியே செருப்பு மட்டும் இருக்காது.

சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்து அத்தானிடம் கேட்டேன்.

“ஆளக் குறைக்க மாட்டீக, செருப்பக் குறைப்பீகளா?”

“ஏ கழுத, சீசன் நேரம். ஆர்டர் மொதலாளி கழுத்துல நிக்கி. நாலு பேர வச்சு அம்புட்டு லோடும் எப்ப முடிக்க? நானா ரூல் போட்டேன்?”

“வெடிச்சா நாலு பேரு போற எடத்துல ஏழு பேரு போவாக. அதுல ஒண்ணு எங்கக்கா.”

“வாயக் கழுவு! இத்தன வருசத்துல நம்ம கம்பெனியில ஒண்ணும் ஆகல.”

ஆகலைல்ல. அதே சொல். சென்னையில் ஒரு வாய், இங்கே ஒரு வாய்.

அத்தான் விடவில்லை. மோர் ஊற்றிக்கொண்டே, “பேசுறா பாரு. முந்தாநா ஒங்க சென்னை சார்ட்ட போன்ல ‘யோசிக்கிறேன் சார், யோசிக்கிறேன் சார்’னு நீ கொழைஞ்சது கீழ வரைக்கும் கேட்டுச்சு. எங்கிட்ட மட்டுந்தான் ஒனக்கு வீரம்.”

தட்டை வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அந்த ஆள் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் ஆத்திரம். மதியம் ஒருமுறை ஒப்புதல் பட்டன் மேல் மவுஸை வைத்துப் பார்த்திருந்தேன். எவ்வளவு சுலபம்! வரி போய்விடும். மெஷின் நிற்காது. எல்லாரும் நன்றி சொல்வார்கள்.

செருப்பைப் பைக்குள் போடும் வேலை. அதைச் செய்யத்தான் எனக்குப் படிப்பு, லேப்டாப், இன்வெர்ட்டர்.

செப். 12, வெள்ளி

விடிந்ததும் முதல் வேலை: வீட்டில் இருந்த பைகள் எல்லாவற்றையும் எடுத்தேன். மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பை, இருக்கன்குடி கோயிலுக்குக் கொண்டுபோன பை, அத்தானின் டிபன் பை உட்பட. சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டேன்.

கம்பெனி வேன் ஹார்ன். அக்கா பையைத் தேடி வந்து வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சுட்டி.”

“வெறுங்கையோட போ.”

அத்தான் வாசலிலிருந்து, “கவர்லயாவது போட்டு எடுத்துட்டு வா!”

“காலையில பாலிதீன் கவருக்கு நான் எங்கன போவேன்? மருந்து ரூமுக்குள்ள அது ஆகவும் ஆகாது, ஒரசினாத் தீப்பிடிக்கும். நீங்கதான் போர்மேன், நீங்க கொண்டுவாங்க.” நொண்டிக்கொண்டே வேனுக்குப் போய்விட்டாள். காலில் செருப்போடு, கை வீசி.

அப்புறம் என் வேலை. அசர்ட்டை அழித்த ப்ரோக்ராமை என் மெஷினில் ஓட்டி, பேக்கப்பை வேண்டுமென்றே இடமில்லாமல் திணறவைத்தேன். மெஷின் நிற்கவில்லை. சமர்த்தாக ஓடியது. உள்ளே வட்டைத் திறந்தால் பாதி ஃபைல் குப்பை. அந்தச் சோதனையையும் விளைவையும் டீம் முழுக்கப் பார்க்கிற மறுஆய்வுப் பக்கத்திலேயே ஒட்டினேன். கீழே: “ஒப்புதல் இல்லை. அசர்ட் சரி. பேக்கப் த்ரெட் அந்த ஃபங்ஷனை நேராகக் கூப்பிடக்கூடாது. அந்த வேலையை மெயின் த்ரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். திருத்தம் இணைத்திருக்கிறேன்.”

சதீஷ் சார் உடனே: “இதை எனக்குத் தனியாச் சொல்லியிருக்கலாம். வேற ஆளை வச்சு அப்ரூவ் பண்ணிக்கிறேன். உன் கன்ஃபர்மேஷன் பத்தி எச்ஆர் பேசுவாங்க.”

பேசட்டும். பயம்தான். ஆனால் மதியம்வரை ஒருத்தனும் ஒப்புதலில் பெயர் போடவில்லை. குப்பையைப் பார்த்துவிட்டான்கள். நாலு மணிக்கு வெளியீடு தள்ளிவைப்பு என்று ஒரு மெயில். காரணம் எழுதவில்லை. என் பெயரும் இல்லை. வரி அங்கேயே இருக்கிறது.

சாயங்காலம். வேன் வந்து நிற்கிறது. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். ஒன்று. கால் நொண்டி என்பதால் கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

“போர்மேன் பெண்டாட்டியே பை இல்லாம வந்தா எங்களுக்கு மட்டும் எதுக்குன்னு மத்தவளுகளும் செருப்ப வாசல்லயே விட்டுட்டாளுக. நீ பண்ணுன வேலைக்கு, ஆபீசர் வந்து எண்ணிருவாருன்னு பயந்து இன்னைக்கு மூணு பேர மரத்தடிக்குப் போங்கன்னு வெளிய அனுப்பிட்டாரு ஒங்கத்தான்! உள்ள நாலே பேரு. ஒரு பெட்டி கூட முடியல!” அங்கிருந்தே கத்துகிறாள். “ஏட்டி, பையெல்லாம் காஞ்சிருச்சா?”

“இல்லக்கா. இன்னொரு தடவ ஊறப்போடணும்.”