நசுங்காத எலுமிச்சம்பழம்

முத்துமீனா,

நீ இன்னும் பேசலை, அதான் எழுதி வச்சுட்டு அவனியாபுரம் பட்டறைக்குப் போறேன்.

நேத்துப் பூசையில் உன் தம்பி மொக்கராசு தானே செஞ்ச புது டிரெய்லரை எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினானே, பின்சக்கரத்துப் பழம் ஒண்ணு நசுங்கலை. "அம்மன் அருள் மச்சான்!"னு அதை நம்ம சாமி படத்துக்கிட்ட வச்சான். நான் சிரிச்சேன், உனக்குக் கோபம். இப்பவும் சிரிப்பு வருது.

அந்தச் சக்கரம் தரையிலேயே உட்காரலை. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையை உசரமா மாட்டியிருக்கான் நம்ம இன்ஜினியர். நாளைக்குச் செங்கல் ஏத்தினா அம்புட்டுப் பாரமும் முன் அச்சுல விழுந்து அது ஒடிஞ்சிரும். ஓட்டப்போறதும் அவன்தான். இன்னைக்கே அளந்து மாத்திருவோம்.

மத்தியானம் ரெண்டு பேருக்கும் சோறு குடுத்துவிடு. அவன் முன்னாடி சிரிக்க மாட்டேன்.

– வீரணன்

எலுமிச்சைச் சாதம் கிண்டினா சாமி படத்துப் பழத்தைத் தொட்டுராத. சாயங்காலம் அதே சக்கரத்துக்கு அடியில வச்சுப் பார்க்கணும்.