விசிறியைப் பிடிக்கிறவள்

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ வாங்கித் தந்த பொம்மை ஹெலிகாப்டரை நேற்றும் நானும் உன் அத்தாவும் புதூர்நாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் கிளம்பும்போது விசிறி சுழலாதபடி எப்போதும் நான்தான் பிடித்துக்கொள்வேன். ரிமோட்டில் வேகக் குச்சியைக் கீழே இறக்காமல் எஞ்சினைக் கிளப்பப் பிளக்கைச் சூடாக்கவே கூடாது, விசிறி பிடியை மீறிச் சுழன்று கையை வெட்டிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே உன் அத்தாதான்.

நேற்று குச்சி உச்சியில் இருக்க, பிளக்கில் சூடேற்றும் கிளிப்பை மாட்டப் போனார். பிஸ்மில்லாஹ் சொல்லி நானே இறக்கிவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? விசிறி வெட்டிடும், தள்ளி நில்லு. எங்க வூட்டுக்காரி வந்து பிடிப்பா."

தள்ளி நின்றேன்.

பொழுது சாயும்வரை எஞ்சினைத் தொடாமல், பாதையைப் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தார்.

துஆ செய்யப்பா.

உன் அம்மா