விடைபெறப்பட்டது

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்துக் கட்டில்காரி என் தவறைத் திருடிவிட்டாள்.

விடுதி அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான், இன்னொன்றில் அவள். நர்ஸிங் படிக்க ஒரே விமானத்தில் வந்தவர்கள். இன்று வகுப்பில் ஆசிரியை அவளுடைய வார்டு அனுபவக் குறிப்பேட்டை உரக்க வாசித்தார். வார்டில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்து கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்பதை இந்த ஊர் மொழியில் அவரிடம் அப்படியே சொல்லிவிட்டாளாம். மனுஷர் அதை நம்பி, சாப்பிடாமல், ஷூவைக் கழற்றாமல், விளக்கணைக்கும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

சொன்னது நான். அவர் காத்திருந்தது எனக்காக. மறுநாள் வார்டு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான். சிரித்துக்கொண்டே இவளிடம் சொன்னேன் பார், என்னைச் சொல்லணும்.

மார்ச் 5

கேட்டுவிட்டேன்.

"நீதான் எழுதலையேடி. சும்மா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

சும்மா கிடக்க அது என்ன, ஹேர் கிளிப்பா?

நான் எழுதாமல் இல்லை. அந்தத் தேதியில் இருக்கிறது: "நோயாளியிடம் விடைபெறப்பட்டது." ஓரத்தில் ஆசிரியையின் சிவப்பு மை: இதில் நீ எங்கே? எல்லாப் பக்கத்திலும் அதே கேள்வி.

மார்ச் 7

மனசுக்கும் மார்க் போடுகிறார்கள். அவள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே "இன்னிக்கு உனக்கு என்னம்மா தோணுச்சு" என்று கேட்க ஆள் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே கேள்வி, சாப்டியா. அதற்குமேல் பேசினால் வாய் நீளுது என்பார்கள். இப்போது திடீரென்று நீ எங்கே என்றால்?

அடுத்த பருவத்துக்கு அந்த வார்டில் ஒருத்திக்குத்தான் இடம். குறிப்பேட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எனக்கு அது வேண்டும். அவள் குளித்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தால்கூட வயிறு எரிகிறது.

மார்ச் 8

அவள் இல்லாதபோது அவளுடைய குறிப்பேட்டை எடுத்து வாசித்தேன். "வெட்கத்தில் என் கை சில்லிட்டது" என்று எழுதியிருக்கிறாள்.

அது என் கை. சில்லிட்டதா? ஞாபகமில்லையே.

மார்ச் 10

ஆசிரியையிடம் போட்டுக் கொடுத்தேன். நம்பினாரா, தெரியவில்லை.

"சரி, நீயும் எழுதிக் கொடு. வெள்ளிக்கிழமைக்குள்ள. அவர் காத்திருந்தார்னு தெரிஞ்சதும் நீ என்ன செஞ்ச?"

என்ன செய்தேன்? சிரித்தேன்.

மார்ச் 11

நான், நான், நான் என்று மூன்று பக்கம். கிழித்தேன்.

மார்ச் 13, வியாழன்

நாளைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வரி இல்லை. சாயங்காலம் வார்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, எழுத விஷயம் தேடியா? இரண்டும்தான், மறைப்பானேன்.

"ஐயா, அன்னிக்கு வரேன்னு சொல்லிட்டு வராமப் போனது நான்தான். மன்னிச்சிடுங்க."

"அந்தப் பொண்ணு அப்பவே மன்னிப்புக் கேட்டுருச்சே," என்றார். "அதுலேர்ந்து தினமும் வருது. இன்னிக்குத்தான் இன்னும் காணோம்."

தினமும். என்னிடம் மூச்சுகூட விடவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக்கூட அவளே கேட்டு முடித்திருக்கிறாள். மிச்சம் என்ன வைத்தாள் எனக்கு?

"அது அவ இல்லைங்கய்யா. என் மூஞ்சியப் பாருங்க. நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் என் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.