வாயு ஊட்டாமலும் வந்த பீக்

என்றும் என் அன்புக்குரிய சேகர் அண்ணா,

அடுத்த வாரம் உங்களுக்கு முதலாம் ஆண்டுத் திதி. நீங்கள் பாதியில் விட்டுப்போன ஆய்வுக் கட்டுரையை நான் முடித்து இதழுக்கு அனுப்பி, அதன் பிரதியைப் படையலில் உங்கள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். “அவரு உசுரே அதுலதான்மா இருந்துச்சு. ஒன் பேரையும் போட்டு அனுப்பிடுலா,” என்றார் அண்ணி.

நம் சண்டை அவருக்கு முழுதாகத் தெரியாது. ஹைட்ரஜன் வாயுவை ஊட்டிய உலோகத்தில் லேசர் பட்டுத் தெறிக்கும் துகள்கள் கருவியின் மறுமுனைக்கு எவ்வளவு சீக்கிரம் வருகின்றன என்று அளந்தோம். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு திரைக் கோட்டில் ஒரு பீக், கூரான முகடு, எழுந்தது. ஹைட்ரஜன் அணுக்கள் நம்ப முடியாத நெருக்கத்தில் அடைந்து கிடந்து ஒன்றையொன்று உதைத்துத் தள்ளினால்தான் இந்த வேகம் வரும், இது அடர்ந்த ஹைட்ரஜன் என்றீர்கள். சாதாரண ஹைட்ரஜனையும் லேசர் அப்படி விரட்டும் என்றேன் நான்.

“வாயுவ நிறுத்திட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்கண்ணா.”

“நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?”

அதற்குப் பிறகு நாம் சரியாகப் பேசவே இல்லை. நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

மழை மாதத்தில் கருவியைத் திறந்து மூடினால் பகல் முழுக்கச் சூடேற்றி ஈரத்தை விரட்ட வேண்டும்; நீரிலும் ஹைட்ரஜன் உண்டே. அவசரத்தில் அதை விட்டுவிடுவீர்கள். ஜொகூர்க் காற்றை யாராவது நம்புவார்களா? காலில் போடாமல் வைத்த சப்பாத்தில் பூஞ்சை பூக்கிற ஊர் அண்ணா இது.

போன மாதம் நம் கூட்டாளி லிம்மும் நானும் சூடேற்றாமலும் வாயுவே ஊட்டாமலும் ஓட்டினோம். உங்கள் பீக் அதே இடத்தில் வந்து நின்றது. சூடேற்றியதும் சுருங்கிப் படுத்துவிட்டது. “கசியான்லா, பாவம் ஒங்க அண்ணன்,” என்று லிம் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தோற்றிருக்கக் கூடாதா என்றிருந்தது.

வேறு ஊர்களில் அடர்ந்த ஹைட்ரஜனைக் கண்டதாகச் சொல்கிறவர்களோடு உலகம் இன்னும் வாதாடுகிறது. அந்த வழக்கு என்னால் தீராது. நம் கருவியில் வந்தது வெறும் ஈரம். கட்டுரையை அப்படியே அனுப்பினால் முகம் தெரியாத எவனாவது இதைக் கண்டுபிடித்து உங்கள் பெயரை நாறடிப்பான். அனுப்பாவிட்டால் அண்ணி என் முகத்தில் விழிப்பாரா?

அந்தக் கட்டுரையில் கையெழுத்துப் போடமாட்டேன் அண்ணா. நாளை கூலாயிலிருக்கும் உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் நானே சொல்வேன். பிறகு இந்தச் சோதனையை எழுதி வெளியிடுவேன். நீங்கள் தவறென்று முதலில் சொல்வது உங்கள் இரத்தமாகவே இருக்கட்டும். அண்ணி உள்ளே விடாவிட்டால், திதியன்று வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
மாலா