சளி என்று சொன்னவனுக்கு

மச்சான்,

இதை ஒரு சரிவான தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். மகள் கொண்டுவந்து இரண்டு மாதமாகிறது, இன்னும் அதிலிருந்து புது ஸ்பொஞ்சின் மணம் போகவில்லை. கேக்கில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிலில் கிடத்தியது போன்ற உருவம். மட்டமாகப் படுத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் இது.

அவள் உறையைக் கிழித்த அன்றே அந்த மணத்தை நான் அடையாளம் கண்டுவிட்டேன். உன் வீட்டு முன்னறை. சோபாவுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்றை நிறுத்தி, மேலே ஒரு சால்வையைப் போர்த்தி வைத்திருந்தாய். நான் அதில் கை வைத்து, "என்னடாப்பா இது?" என்று கேட்டேன். "நாரிப்பிடிப்பு. இடுப்பு நோகுது, அதுக்குச் சாயுறது," என்றாய். உடனே உள்ளே குரல் கொடுத்துத் தேத்தண்ணி கேட்டாய். இரண்டு கோப்பை வந்தது. உன்னுடையதை நீ தொடவில்லை, ஆறவிட்டாய். அதையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

என் கதையைக் கேள். லூயிஷாம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன். எத்தனை வருடமாக நடக்கிற தூரம். பாதியில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் ஏற்கெனவே வீங்கிச் சப்பாத்து ஏறாமல்தான் இருந்தது. குளிருக்கு என்று நினைத்துப் பெரிய சப்பாத்து வாங்கியிருந்தேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி. ஸ்கான் எடுத்த பிறகு ஒரு டொக்டர் பிள்ளை வந்தாள், சென்னைப் பக்கம். தமிழ் தெரிந்த ஒருத்தி கிடைத்தாளே என்று சந்தோசப்பட்டேன். அவள் சொன்னது "ஹார்ட் ஃபெயிலியர்".

"நான் இருந்து கதைக்கிறன், இருதயம் எப்பிடிப் பிள்ளை பெயில்?" என்றேன்.

"ஹார்ட் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க ஐயா. பம்ப் பண்ற பலம் குறைஞ்சிருக்கு. அதனால தண்ணி தேங்குது. நுரையீரல்லயும் கால்லயும்."

"அப்ப ஏன் அந்தப் பேரை வைச்சனீங்கள்?"

"நான் வைக்கலீங்க ஐயா," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். ஒரு சோதனையும் எழுதாதவனுக்கு எழுபத்தைந்து வயதில் இப்படி ஒரு பெறுபேறு.

அதன் பிறகு என் வீடு ஒரு சோதனைச் சாவடி. காலையில் எழும்பியதும் தராசில் ஏறவேண்டும். கொஞ்சம் நிறை கூடினாலும் மகள் வேலையிடத்திலிருந்து போன் எடுத்து விசாரிப்பாள். ஊறுகாய் இல்லை, கருவாடு இல்லை, அப்பளம் இல்லை. தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். நான் சொன்ன சொல் மாறாதவன் என்று உனக்குத் தெரியும். அளவு ஜாடியில் காலையில் நிரப்பி, அதைத் தாண்டி ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. ஆனாலும் நிறை ஏறிக்கொண்டே போனது. நேர்ஸ் வந்து என்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் மனுசி உள்ளதைச் சொன்னாள்: இடியப்பத்துக்குச் சொதி, சோற்றுக்கு ரசம், பின்னேரம் பால் தேத்தண்ணி, ஆராவது வந்தால் அவர்களோடு இன்னொரு தேத்தண்ணி. மகள் மொழிபெயர்த்தாள். நேர்ஸ் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொதி கறியல்லோ?" என்றேன்.

"அப்பா, அது முழுக்கத் தண்ணி," என்றாள் மகள்.

"தேங்காய்ப் பால்."

"பாலும் தண்ணிதான் அப்பா."

இப்படி ஒரு நியாயத்தை நான் கேட்டதில்லை. இடியப்பத்தை இனி வெறும் வாயில் மெல்லவேண்டியதுதான்.

தலையணை வந்த அன்று பின்னேரம் உன் மனைவிக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். அவனுக்கு என்ன வருத்தம் இருந்தது?" என்றேன்.

"உங்களுக்கு வந்ததுதான் அண்ணை."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வரியம் இருக்கும். மகளுக்குக் கலியாணம் பேசின நேரம். தகப்பனுக்கு இருதய வருத்தம் எண்டால் பரம்பரையோ எண்டு கேப்பினம். அதுதான் வெளியில சளி எண்டு சொன்னவர்."

"நான் வெளி ஆளோ?"

"ஐயோ அண்ணை. அவனுக்குத் தெரிஞ்சால் இனி என்னைச் செத்தவீட்டில பாட விடான் எண்டு சொல்லுவார். வேறை என்ன சொல்ல."

விட்டிருக்க மாட்டேன்தான். என்னை நீ சரியாக அளந்து வைத்திருந்தாய்.

நாம் இருவரும் ஒருவரிடமும் முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் அல்ல. பெற்றோல் அடிக்கிற செட்டில் ஒன்றாக வேலை செய்த காலத்தில் தேவாரக் கசெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகினோம். அந்த நாளில் லண்டனில் ஒருவர் செத்தால் ஓதுவதற்கு ஆள் கிடையாது. உன்னையும் என்னையும்தான் கூப்பிடுவார்கள். சடலத்தின் பக்கத்தில் சின்ன உரலை வைத்துப் பெண்கள் மஞ்சளும் வாசனைப் பொடியும் சேர்த்துச் சுண்ணம் இடிக்க, இடி முடியும் வரை பதிகம் நிற்கக்கூடாது என்பது நம் பிடிவாதம். ஒருவன் மூச்சு எடுக்கும்போது மற்றவன் பிடித்துக்கொள்வான். யாரோ ஒரு பெரியவர் பண் பிழை என்று குறை சொன்னபோது, "செத்தவர் எழும்பிக் குறை சொல்லேல்லைத்தானே," என்றாய். மண்டபத்தில் சிரிக்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன்.

கடைசி இரண்டு வருடமும் நீ ஒரு அடி பாடிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ எடு மச்சான்," என்பாய். பிறகு முதல் அடியையும் என்னிடமே விட்டாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முப்பது வருடம் கழித்தாவது என் குரல்தான் திறம் என்று ஒப்புக்கொண்டாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனுசிக்குச் சொல்லியும் காட்டினேன். "அவன் இப்ப என்னட்டைத்தான் விடுறான்." உன் மூச்சு முடிந்துபோன இடத்தில் நின்றுகொண்டு நான் பெருமை பேசியிருக்கிறேன். அந்த ஒரு பாராட்டாவது உண்மையாக இருந்திருக்கலாம், அதையும் நீ கெடுத்துப்போட்டாய்.

உனக்குத் திடீரென்று மாரடைப்பு என்று சொன்னார்கள். உன் செத்தவீட்டில் தனியே நின்று முழுவதையும் பாடினேன். என்னால் ஏலும் என்று காட்டத்தான் பாடினேன்.

இப்போது என் முறை. ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே மனுசி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "கோயிலில ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

"அதுதானே விட ஏலாமல் இருக்கு."

"பகிடியை விடுங்கோ. பேத்திக்கு எட்மண்டனில ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறம். இந்த நேரத்தில அம்மப்பாவுக்கு இப்பிடி எண்டு அவைக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு நாள் கழித்துக் கோயிலிலிருந்து ஒருவர் போன் எடுத்து, என்ன அண்ணை இருமுறியள் என்று கேட்டார். என் வாய் தன்பாட்டில் சொன்னது: "ஒண்டுமில்லை, கொஞ்சம் சளி." உன் சொல்லை உன் தொனியிலேயே சொல்லியிருந்தேன்.

போன மாதம் நமக்குச் சாமான் தந்த கடைக்காரரின் தாய் காலமானார். பாடக் கூப்பிட்டார்கள். அன்று காலையில் நான் தண்ணிக் குளிசையைப் போடவில்லை. தேங்கிய தண்ணீரை இறக்குகிற குளிசை அது. போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் ஓடவேண்டும். செத்தவீட்டில் பதிகத்தின் நடுவில் எங்கே ஓடுவது? நீயும் இதைத்தான் செய்திருப்பாய் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாம் போன செத்தவீடுகளை நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

சடலத்தைக் கிடத்துகிற மலர்ச்சாலை மண்டபம் நிறையச் சனம். அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியே காத்திருக்க, மண்டபக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்தவரின் மருமகள் உலக்கையைப் பிடித்தாள். முதல் பாட்டு போனது. இரண்டாவதில் ஒரு அடி பாதியில் அறுந்தது. வாயைத் திறக்கிறேன், காற்று இல்லை. உலக்கையும் நின்றுவிட்டது. யாரோ என் முதுகைத் தடவி, "அழாதேங்கோ அண்ணை, வயசு போன மனுசிதானே," என்றார்கள். பின்னால் ஒரு குரல்: "இவருக்கும் வயசு போட்டுது, மறந்துபோனார்." அதுவும் பரவாயில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து வந்து காதுக்குள் சொன்னார்: "அங்கிள், இது என்ரை போனில இருக்கு. போடட்டே?"

மனுசி முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்தாள். அழுகிறேன் என்று விட்டிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். அழுகைக்கு ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

"நான் அழேல்லை," என்றேன். "மறக்கவும் இல்லை. எனக்கு இருதயம் பலவீனம். ஹார்ட் ஃபெயிலியர் எண்டு சொல்லுறவை. நெஞ்சில தண்ணி நிக்குது, மூச்சுக் காணாது. நிப்பாட்டி நிப்பாட்டித்தான் பாடுவன். தெரிஞ்சவை ஆரும் இருந்தால் இடையில எடுங்கோ. போன் வேண்டாம்."

ஒரு கதிரை வந்தது. இருந்து பாடினேன். நான் நிறுத்திய இடத்தில் அந்த மருமகளே இடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பண் முழுக்கப் பிழை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு அம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கும் அந்தக் குளிசைதான். மருமகளுக்கு ஆஸ்மா எண்டு சொல்லியிருக்கிறன்." அவர் போன பிறகு, கோயிலில் தேர் வடம் பிடிக்கிற ஒரு முரட்டு ஆள் வந்தார். அவருக்கும் அதேதான், வீட்டில் சொல்லியிருப்பது சளி. இந்த நகரத்தில் நம் சனத்துக்கு இருக்கிற சளியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பேருக்கும் வெளியே போகிற நாளில் குளிசையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் போடுவதில்லை. நேர்ஸிடம் நான் இதைச் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். வீட்டுக்கு வந்த பிறகாவது போடு, நேரத்தை மாற்றுவதென்றால் என்னைக் கேள், ஒரேயடியாக விடாதே என்றாள். இவ்வளவுதான் விசயம். இதை யாராவது உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லுவதற்கு நீ ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

மனுசியும் நானும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்துகொண்டு, "இனி அந்த எட்மண்டன் ஆக்கள் போன் எடுக்க மாட்டினம்," என்றாள். எடுக்கவும் இல்லை. அதற்கு நான்தான் பொறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பேத்தியிடம் மட்டும் மனம் கேட்காமல் போய்ச் சொன்னேன். அவள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மப்பா, நான் இன்னும் ஓம் எண்டே சொல்லேல்லை. ஏன் எல்லாரும் இப்பிடிப் பதறுறீங்கள்?" என்றாள். மனுசி இன்னும் என்னோடு அளந்துதான் கதைக்கிறாள், தண்ணீரைப் போல.

உன்னிடம் எனக்குள்ள வழக்கு வேறு. இரண்டு வருடம் நீ இந்த வருத்தத்தோடு தனியே இருந்தாய், நான் நாலு தெரு தள்ளி இருந்தேன். படியேறும்போது நடுவில் நின்று சுவரில் படம் பார்ப்பது போல நடிப்பது, நாலு மணிக்கே தண்ணீரளவு முடிந்தால் பிறகு வருகிற தேத்தண்ணிக்கு என்ன சாட்டுச் சொல்வது, இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். நான் உன்னை ஏசியிருப்பேன், பாட விட்டிருக்க மாட்டேன், சண்டை பிடித்திருப்போம், பிறகு உன் அடியையும் சேர்த்து நான் பாடியிருப்பேன். தெரிந்து பாடியிருப்பேன்.

சனிக்கிழமை இன்னொரு செத்தவீடு. கதிரை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தொடங்கமுன்னமே எழும்பி நின்று எனக்கு என்ன வருத்தம் என்று சொல்லப்போகிறேன். பாரம் தூக்கக்கூடாது என்று நேர்ஸ் சொன்னதிலிருந்து அரிசி மூட்டையை மருமகன் தூக்குகிறான், மரக்கறிப் பையை மனுசி தூக்குகிறாள். உன்னில் எனக்கிருக்கிற கோபத்தை மட்டும் ஒருவரிடமும் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதைத் தூக்கும்போது எனக்கு மூச்சு வாங்குவதில்லை.