ஜெய்ப்பூரா, கல்கத்தாவா என்று கேட்டாயே

அன்பு மகன் பரிதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், இரண்டு ஆடும் சுகம். ஜெர்மனியில் நீயும் மருமகள் மேதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறாய், அதனால்தான் பக்கத்து வீட்டுக் குந்தவையிடம் நாலு வெள்ளைத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா. சம்பா கதிர் விடத் தொடங்கிவிட்டது, நம் ஒரு ஏக்கரிலும் பயிர் சாயவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைக்க அலைகிறார். குந்தவை தஞ்சாவூர் காலேஜுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து இளைத்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் இருபது நாள் லீவில் வருகிறாய். மேதாவின் ஊரான பூனாவில் பத்து நாள், பிறகு எங்களை ஜெய்ப்பூருக்கோ கல்கத்தாவுக்கோ வரவழைத்து நாலு பேருமாகச் சுற்றிப் பார்க்கலாம், எந்த ஊர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாய். கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குந்தவையைக் கூப்பிட்டு செல்போனில் இரண்டு ஊரையும் காட்டச் சொன்னார். ஜெய்ப்பூரில் கோட்டை, அரண்மனை, ஒட்டகம், வேளைக்கு வேளை ரொட்டி. கல்கத்தாவில் ஆறு, டிராம் வண்டி, சோறும் மீனும். சோறு தின்கிற ஊருக்கே போவோம் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. தையில் நமக்கு அறுப்பு என்று உனக்குத் தெரியாதா? அதுவும் பேச்சு, சாப்பாடு, உடுப்பு எதிலும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு ஊராகப் பார்த்து ஏன் பொறுக்கினாய்? இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. இரண்டும் நம் தெருவிலிருந்து வெகுதூரம்.

முதலில் உனக்கு உடம்புக்கு ஏதோ என்று சந்தேகப்பட்டேன், பிறகு உங்கள் இருவருக்குள் சண்டையோ என்று. அப்புறம்தான் ஆடி மாதம் வீடியோ காலில் மேதா சொன்னது ஞாபகம் வந்தது. நீ எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிருந்தாய். நீ சொல்லிக்கொடுத்த தமிழில் அவள், அத்தை உங்க வீடு ரொம்ப அழகு, சிவப்புத் தூண் ரொம்ப அழகு என்றாள் பாவம். நம் வீட்டில் ஏது தூண்? கவர்மெண்ட் கட்டிக்கொடுத்த ஒற்றை அறையும் பின்னால் நாம் இழுத்த தகரக் கூரையும்தானே. அப்போது ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தேன். நீ பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய அன்று பண்ணை வீட்டு வாசலில் சிவப்புத் தூணோரம் நிறுத்தி உன்னை ஒரு போட்டோ எடுத்தார்களே, அதைக் காட்டி நம் வீடு என்று சொல்லியிருக்கிறாய். அந்த வீட்டுக் களத்தில் பதினெட்டு வருஷம் நெல் தூற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அந்தத் தூணைத் தொட்டதில்லை. போன மாதம் தெருமுனையில் அந்த போர்டு இன்னும் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டாயாமே, அதற்கும் இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. இருக்கிறது. காலனித் தெரு என்றுதான் இருக்கிறது.

எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்களைக் காட்டக் கூச்சமா, தெருவைக் காட்டக் கூச்சமா என்று நீதான் சொல்ல வேண்டும். படிக்கப் போன இடத்தில் யார் உன்னை என்ன கேட்டார்களோ, எதற்குப் பயந்து அப்படிச் சொன்னாயோ, ஊரில் நான் கேட்காத பேச்சா அது. ஆனால் அந்தப் பெண் நம் ஊரையும் வீட்டையும் பார்க்காமலே உன்னை நம்பிக் கட்டிக்கொண்டவள். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் கல்கத்தாவுக்கென்று புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். நம் வீட்டு வாசலில் நானும் அப்பாவும், குந்தவை எடுத்தது. பின்னால் தகரம் தெரிகிறது, ஒரு ஆடும் தலையை நீட்டியிருக்கிறது. மேதாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அவளுக்கே அனுப்பியிருக்க முடியும். அனுப்பவில்லை. நீயே காட்டு. காட்டிவிட்டு எந்த ஊர் என்று அவளைக் கேள். கல்கத்தா என்றால் கல்கத்தா, ஜெய்ப்பூர் என்றால் ஒட்டகத்தில்கூட ஏறுகிறேன். அத்தை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னால் நீடாமங்கலத்தில் இறங்குங்கள், அப்பாவைப் புது வேட்டியோடு ஸ்டேஷனில் நிற்கச் சொல்கிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும். குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. போகிக்கு முன்னால் மறக்காமல் பதில் சொல், அப்பா தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இரா. செவ்வந்தி,
காலனித் தெரு.