துடைப்பம் விட்டுவைத்த முகங்கள்

அன்பு அஜிதாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் போன் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மூலை உடைந்த அதே போன்தான், இப்போது என் மேசைமேல், என் லேப்டாப்புக்குப் பக்கத்தில். இதை எழுத உட்கார்ந்த பிறகு மட்டும் விளம்பர மெசேஜ் இரண்டு வந்துவிட்டன.

உன் அண்ணன் தரணேந்திரன்தான் எல்லாம் முடிந்த மறுவாரம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓயாமல் மெசேஜ் வருகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீ பார்த்துக்கொள் என்றார். அன்றைக்கே முதல் அழைப்பும் வந்தது. ஒரு பெண் குரல், பின்னால் பஸ் ஹாரன்.

"அஜிதா இல்லியா?"

இறந்துவிட்டாள் என்று சொன்னேன்.

"ஐயோ, எப்பமா? நல்ல பொண்ணாச்சே." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி, அதுல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. அத மட்டும் சொல்லிடு. லைன்ல நிக்கிறேன்."

ஆறு எண்களையும் வாசித்துக் காட்டினேன். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் கிண்டல் செய்திருப்பாய்.

நம் இருவரையும் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். செஞ்சி பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து நமக்கு ஒரே பெஞ்ச். நான் படித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இங்கே வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடிச் சொல்கிற வேலை. நீ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தாய். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். மூன்றிலும் லினக்ஸ், கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருள்.

நீ லினக்ஸுக்கு வந்தது கொள்கையால் அல்ல. கடை போடும்போது எல்லோரும் காசுக்கு விற்கிற மென்பொருளின் திருட்டுக் காப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சமணர்களான உன் வீட்டிலோ, கொடுக்காததை எடுக்கக்கூடாது என்பது கோயிலில் சொல்கிற விரதம் மட்டுமல்ல, அடுத்த கொல்லையில் விழுந்த மாங்காய்க்கும் அதுதான் சட்டம். விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. "திருடவும் கூடாது, வாங்கவும் முடியாது. அப்ப குடுக்கிறவன் கிட்ட வாங்கிக்கறதுதான் வழி" என்றாய். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டாய். கொள்கையெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபின் உன்னோடு பேசி ஜெயிக்க முடியவில்லை.

வருகிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். "இன்னாமா இது, எல்லாம் வேற எடத்துல இருக்குது?" என்று ஒருவர் மவுஸை விட்டுவிட்டு எழுந்தே போனார். அச்சு அதே தாளில்தான் வரும் பெரியவரே என்று நீ பின்னாலேயே கத்தினாய்.

நமக்குள் சண்டை வேறு மாதிரி. யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து பார்க்கலாம் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று பொருள், அடுத்தவன் பார்த்திருப்பான் என்று ஒவ்வொருவனும் தூங்குகிறான் என்பேன் நான். மூடிவைத்ததைப் பார்க்க நினைத்தாலும் பார்க்க முடியாதே, அது என்ன பாதுகாப்பு என்பாய் நீ. என் கம்பெனியையும் விடமாட்டாய். கொடுத்தவர்களின் சரக்கை எடுத்து, மேலே ஒரு அட்டை ஒட்டி, வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறீர்கள் என்பாய். அது முழு உண்மையில்லை. முழுப் பொய்யும் இல்லை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

இருட்டுவதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் பஜாரிலேயே முதலில் ஷட்டர் இறங்கும் கடை உன்னுடையது. இறக்குவதற்கு முன் மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன நிரலை ஓட்டுவாய். அன்று ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு, பட்டா, போட்டோ எல்லாவற்றையும் அது அழித்துவிடும். அடுத்தவர் விவரம் நம் கடையில் ராத்தங்கக் கூடாது என்பாய். நீயே எழுதிய நிரல், 'துடைப்பம்' என்று பெயர் வைத்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டாய். அதைக் கவனித்துக்கொள்ள உன் பெயரோடு என் பெயரையும் போட்டாய். நான் கேட்கவில்லை. எதற்கும் இரண்டு பேர் இருக்கணும்டி, ஒருத்தி மண்டையைப் போட்டா இன்னொருத்தி வேணும் இல்ல என்று சிரித்தாய்.

அப்படிப்பட்ட நீதான் அந்தத் தப்பைச் செய்தாய்.

எந்தப் படிவத்தை எடுத்தாலும் மொபைல் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன் இல்லாத பெண்கள் உன் எதிரில் உட்கார்ந்து முழித்தார்கள். வீட்டுக்காரர் போன் பெங்களூரில் இருக்கிறது. மகன் போன் வேலை மாறும்போதெல்லாம் நம்பர் மாறுகிறது. ஒன் நம்பரையே போட்டுடும்மா என்றார்கள். நீ போட்டாய். ஒருத்திக்குப் போட்டது பத்தாயிற்று, பத்து எத்தனையாயிற்று என்று யாருக்கும் தெரியாது. முதியோர் பென்ஷன், பட்டா, பிள்ளைகளின் உதவித்தொகை, எல்லாவற்றுக்கும் வருகிற ஓடிபி உன் ஒரே சிம்முக்கு.

எனக்குத் தெரியவந்த நாளில் உன் கடையிலேயே நின்று கத்தினேன். நம் கோட்டையில் ராஜகிரி மலை உச்சிக்குப் போகப் பள்ளத்தின்மேல் ஒரே ஒரு பாலம் இருக்கிறதே, அது உன் நம்பர், அதை எடுத்தால் மேலே இருக்கிற அத்தனை பேரும் மேலேயேதான் என்றேன். நீ ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"பாலமே போடாம உட்டிருந்தா அவங்க எப்படிடி மேல போயிருப்பாங்க?"

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாள் பேசவில்லை. அதற்குள் உனக்குக் காய்ச்சல், புதுச்சேரி ஆஸ்பத்திரி, எல்லாம் முடிந்துபோனது.

சித்திரையில் ஒரு கார் வந்தது. ஊர் ஊராக இப்படிச் சேவை மையம் திறக்கிற கம்பெனி. உன் அண்ணனிடம் கடை இடம், பெயர்ப்பலகை, கடை போன் நம்பர் மூன்றும் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர்கள் வேண்டாமாம். எதற்கு நம்பர் என்று நான் கேட்டேன். வந்திருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். கடையைவிட நம்பர்தான் மேடம் சொத்து, ஜனங்களுக்கு மனப்பாடம் ஆன நம்பர் என்றான்.

அவன் திருடன் என்று நான் சொல்லவில்லை. அந்த நம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்தக் கம்பெனியை இன்னொருவன் வாங்குவான், அவன் தெரிந்துகொள்வான். இந்தத் தொழிலில் பெரும்பாலும் யாரும் பூட்டை உடைப்பதில்லை. சாவியோடு சேர்த்து வாசலை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். மனிதர்கள் நல்லவர்களா என்று என் வேலையில் கேட்பதில்லை. சாவி யாரிடம் போய்ச் சேரும் என்று மட்டும்தான் கேட்போம்.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "செத்தவ நம்பருக்கு இவ்ளோ கிராக்கியா? இன்னாமா பண்றது, குடுத்துடலாமா?" அவருக்குக் கடலை வியாபாரம்தான் தெரியும். கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பார்? ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். அதற்குள் உன் நம்பரில் தொங்குகிற எல்லோரையும் இறக்கிவிட்டு சிம்மை மூடிவிடுவது என்று முடிவு.

எல்லோரும் என்றால் யார்? அங்கேதான் முட்டினேன். நீ பட்டியல் எதுவும் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் மூன்றையும் திறந்து பார்த்தேன், ஒரு பெயர்கூட இல்லை. துடைப்பம் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. அழைக்கிறவர்கள் சிலரைப் பிடித்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடிபி தேவைப்படுகிறவளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்போதுதான் ஒரு மின்னஞ்சல் வந்தது. உன் துடைப்பத்தை எடுத்துப் பயன்படுத்துகிற யாரோ ஒருவர், எந்த ஊரென்று தெரியாது, நிரலில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டாவது பெயர் என்னுடையது என்பதால் எனக்கு வந்தது. படங்களைத் திரையில் காட்டும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கி வேறொரு மூலையில் தனியாக வைத்துக்கொள்கிறது, அசலை அழித்தாலும் அது போகாது, உங்கள் நிரல் அந்த மூலையைப் பெருக்குவதில்லை என்று விளக்கியிருந்தார். திருத்தத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

யாரோ பார்த்திருக்கிறார், அஜிதா. நம் சண்டையில் அந்தப் பாதி உனக்கு. ஓட்டைகளைத் தேடுவதே தொழிலாக உள்ள நான், என் பெயர் போட்ட அந்தச் சின்ன நிரலை ஒருமுறைகூடத் திறந்து படித்ததில்லை. மற்றப் பாதி யாருக்கு என்று நீயே முடிவு செய்துகொள்.

மறுநாள் கடைக்குப் போய் அந்த மூலையைத் திறந்தேன். முகங்கள். அந்த அளவில் ரேஷன் கார்டின் எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் பாஸ்போர்ட் போட்டோக்களில் முகம் தெரிகிறது. திரை நிறைய, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன.

எனக்கு அவர்களைத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தியைச் சொல்லியனுப்பி வரவழைத்தேன். முதன்முதலில் உன் நம்பரைப் போட்டுக்கொண்ட தனம். பனமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, உன் சுழல் நாற்காலியில் பயந்து பயந்து உட்கார்ந்தாள். சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் நடவுக்குப் போகிறவள். நான் படத்தை நகர்த்த நகர்த்தச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது எங்க செல்வி. இவளுக்கு போன் இருக்குது. இது மேட்டுத் தெரு சரோஜா, இல்ல. இவ இருக்குதுன்னு சொல்லுவா, ஆனா இல்ல. இது யாரு, வாய இப்படி வச்சிக்கினு? அட, நான்தான்."

தன் முகத்தையே இரண்டு முறை பார்த்துச் சிரித்தாள்.

பெயர்களைத் தாளில் எழுதவில்லை, நீ திட்டுவாய். அவளே ஊருக்குப் போய் ஒவ்வொருத்தியாக அனுப்பிவைத்தாள். மூன்று வாரம் காலையில் உன் கடையைத் திறந்தேன். உன் நம்பரை விட்டு விலகவும் உன் நம்பருக்குத்தான் ஓடிபி வந்தது. நான் வாசிக்க, அவர்கள் நகர்ந்தார்கள். மகளுடைய நம்பருக்கு, புதிதாக வாங்கிய பட்டன் போனுக்கு. கைரேகை கேட்கிறவற்றுக்குத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் நடந்தோம். சரோஜா என்னைக் கேட்டாள், அந்தப் பொண்ணு இவ்வளவு கேள்வி கேக்காது, நீ இன்னா போலீசா என்று.

கடைசியாகத் தனம் மிச்சம். போன் வாங்கிக்கொள் என்றேன். யாரிடம் பேசப் போகிறேன் என்றாள். மகன் திருப்பூரில், நம்பர் நிற்பதில்லை. மருமகளோடு பேச்சில்லை. "ஒன் நம்பரப் போட்டுக்க" என்றாள் சாதாரணமாக. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று காரணத்தோடு சொன்னேன், உன்னிடம் கத்தியதையெல்லாம் இந்த முறை மெதுவாக. முழுதும் கேட்டாள்.

"அவளும் மொதல்ல இப்படித்தான் சொன்னா" என்றாள். "மூணு வாட்டி திருப்பி அனுப்புனா. நாலாவது வாட்டிதான் போட்டா."

இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. நான் கத்தியபோதுகூடச் சொல்லவில்லை. ஏன்?

மூன்று முறை அலையவைக்க எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கே என் நம்பரைப் போட்டேன்.

கம்பெனிக்கு உன் அண்ணன் நேற்றுப் போன் செய்து, இடம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், நம்பர் கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று காலை அந்த முகம் தெரியாதவருக்கு நன்றி எழுதி, அவருடைய திருத்தத்தைச் சேர்த்து, துடைப்பத்தை ஒருமுறை ஓட்டினேன். முகங்கள் எல்லாம் போயின, தனத்தின் முகமும். நாளை உன் சிம்மை மூடுகிறோம். கொஞ்ச காலம் கழித்து அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். பழக்கத்தில் நான் அழைத்தாலும் அழைப்பேன்.

உனக்கு ஒரு வாக்கு. என் நம்பரில் இருப்பது தனம் ஒருத்தி மட்டும். நீயும் ஒருத்தியில்தான் ஆரம்பித்தாய் என்பது தெரியும், இரண்டாவதாக ஒருத்தி வரமாட்டாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் யார் வந்தாலும், அது தனத்துக்கும் உன் அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். நான் மண்டையைப் போட்டால் யாரை இறக்கிவிட வேண்டும் என்று இரண்டு பேருக்குத் தெரியாமல் ஒரு பெயரையும் ஏற்றமாட்டேன்.

உன் பெஞ்சில் பாதி இடத்துக்காரி,
புவனா